மூன்று நாற்காலி நியாயம்

ஆம்புலன்ஸ் டிரைவர் கேட்டது ஒரே ஒரு டயர். அதற்காக மேனேஜர் தன்னுடைய இரண்டாவது நாற்காலியிலிருந்து எழுந்து மூன்றாவது நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். நாற்காலி மாறும்போதெல்லாம் கண்ணாடியையும் துடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பழைய நாற்காலியின் எண்ணம் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

"இப்ப நான் நல்லவனோட இடத்துல உக்காந்திருக்கேன்," என்றார் டிரைவரிடம். "ஒரு நல்ல மனுஷன் இங்க இருந்தா என்ன பண்ணுவான்?"

"டயர் வாங்குவான் சார்."

"அவசரப்படாதீங்க. பலன் நாற்காலியில உக்காந்தப்ப என்ன தெரிஞ்சுது? இந்தக் காசுக்குக் குழந்தைங்க வார்டுக்கு எத்தனையோ ஊசி வாங்கலாம். கடமை நாற்காலியில என்ன தெரிஞ்சுது? வண்டியில 'எந்நேரமும்'னு எழுதி வெச்சிருக்கோம். எழுதினா ஓட்டித்தான் ஆகணும். ரெண்டும் மோதுது பாருங்க."

"சார், நேத்து மழையில வண்டி முன்னாடி போகாம பக்கவாட்டுல போச்சு. உள்ள படுத்திருந்த பேஷன்ட் எழுந்து உக்காந்துட்டாரு."

டிரைவர் இதை நக்கலாகத்தான் சொன்னார். இவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுந்து உக்காந்தாரா? அது நல்ல பலனா, கெட்ட பலனா?" என்று கேட்டார்.

கடைசியில் ஒன்றுக்கு இரண்டு டயராகக் கிடைத்தது. ஒரு பக்கம் மட்டும் புது டயர் போட்டால் வண்டி இழுக்கும் என்று டிரைவர் சொல்ல, நல்லவன் நாற்காலி அதை ஏற்றுக்கொண்டது. டிரைவர் வெளியே வந்து, எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார்.

இவர் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் ஃபைனான்ஸ் மேனேஜர். ஆஸ்பத்திரி முழுக்க இவருக்கு 'நியாயம் சார்' என்றுதான் பேர். முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, முகத்துக்கு நேராகவும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எந்தப் பேச்சையும் "இதுல நியாயம் என்னன்னா" என்று தொடங்குவதால் வந்த பேர். அவருக்கு அதில் வருத்தமில்லை, கொஞ்சம் பெருமை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

எனக்கு இவர் பழக்கமானது என் அண்ணனால். அண்ணன் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதால் வாரத்துக்கு மூன்று நாள் இங்கே டயாலிசிஸ். அவரை உள்ளே படுக்க வைத்துவிட்டு நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகைக்கு எழுத வேண்டியதை எழுதுவேன். பெஞ்சுக்கு நேர் எதிரே நியாயம் சாருடைய அறை. அதன் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். மூடினால் ஏசி போட வேண்டிவரும். ஏசி போடலாமா கூடாதா என்று அவர் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆகவே கதவு திறந்திருக்கிறது, நான் எழுத வேண்டியது ஒவ்வொரு தடவையும் கெடுகிறது.

நாற்காலி விவகாரம் ஒரு பயிற்சி முகாமில் ஆரம்பித்ததாம். தர்ம ஸ்தாபனங்களில் பணத்தைக் கையாள்பவர்களுக்கு அறவியல் கற்றுக்கொடுக்கும் முகாம். கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடும் உண்டு என்பதால் டிரஸ்ட் இவரை அனுப்பி வைத்தது. அங்கே பாடம் எடுத்த பேராசிரியை மூன்று நாற்காலிகளைப் போட்டிருக்கிறார். ஒன்று பலன்: எதைச் செய்தால் அதிகம் பேருக்கு அதிக நன்மையோ அதைச் செய்வது. அடுத்தது கடமை: பலன் எப்படிப் போனாலும் கொடுத்த வாக்கைக் காப்பது, எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தாமல் இருப்பது. மூன்றாவது குணம்: நல்ல மனிதர் ஒருவர் இந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வார் என்று பார்ப்பது. ஒரே கேள்விக்கு ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பதில் சொல்லிப் பாருங்கள் என்றாராம். மற்றவர்கள் உட்கார்ந்து எழுந்து சிரித்து, சாப்பிட்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவர் மறுநாள் காலையில் ஸ்டோர் ரூமுக்குப் போய் இன்னும் இரண்டு நாற்காலி கேட்டார்.

ஏற்கெனவே இருந்த சுழல் நாற்காலி பலனுக்கு என்று ஆனது. முதுகை வளைக்க விடாத பழைய மர நாற்காலி கடமைக்கு. நல்லவனுக்குக் கிடைத்தது விரிசல் விட்ட பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தால் தொடையைக் கிள்ளும். வேறு மாற்றித் தருகிறேன் என்று ஸ்டோர்காரர் சொன்னதற்கு இவர் மறுத்துவிட்டாராம். "நல்லவனா இருக்கறது சுகமா இருக்காதுங்க. கிள்ளட்டும்."

ஆஸ்பத்திரி ஊழியர்கள் லேசுப்பட்டவர்களா? ஒரு மாதத்துக்குள் மூன்று நாற்காலிக்கும் மூன்று விதமாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள். லேப்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். சார் சுழல் நாற்காலியில் இருந்தால்தான் உள்ளே நுழைவார், நுழையும்போதே "இதனால எத்தனை பேருக்கு உபயோகம் தெரியுமா சார்" என்று ஆரம்பிப்பார். சலவைப் பிரிவு அம்மாளுக்கு மர நாற்காலிதான் ராசி. "சுத்தமான படுக்கை தர்றோம்னு வாசல்ல போர்டு வெச்சிருக்கோமே சார், அது வாக்கு இல்லையா?" என்று கேட்டுச் சோப்புத்தூள் வாங்கிக்கொண்டு போய்விடுவார். பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் இருக்கும்போது யார் வேண்டுமானாலும் போகலாம். முகத்தைக் கொஞ்சம் பாவமாக வைத்துக்கொண்டால் போதும்.

பில் கவுன்டரில் உட்காரும் கேஷியர் அம்மாதான் இவரை முழுதாக அளந்து வைத்திருப்பவர். சம்பள நாளன்று காலையிலேயே மர நாற்காலியையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் "துடைக்கணும் சார்" என்று சொல்லி வெளியே எடுத்துப் போட்டுவிடுவார்.

"நாற்காலி உள்ள இருந்தா சம்பளம் தள்ளிப்போகும் மேடம்," என்றார் என்னிடம். "ஒருத்தருக்கு முன்னாடி குடுத்தா இன்னொருத்தருக்கு அநியாயமாம். எல்லாருக்கும் குடுக்கக் காசு பத்தாது. அதனால யாருக்குமே குடுக்காம இருக்கறதுதான் சமம்னு ஒரு தடவை கண்டுபிடிச்சாரு பாருங்க, அன்னிக்கு எனக்கு வந்துச்சே கோபம்!"

இவ்வளவு கேலி பேசுகிறேன், இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மனிதர் கை சுத்தம். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த நல்ல பேனாவை நோயாளிகள் எழுதுவதற்காகக் கவுன்டரில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். காலண்டர் வந்தால் அது நடைபாதைச் சுவருக்குப் போய்விடும். சப்ளையர்கள் இவரைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் ஆளை எப்படிச் சமாளிப்பது என்று அவர்களுக்குத் தெரியும். கொடுத்ததை ஊருக்கே பங்கு வைக்கும் ஆளை என்ன செய்வது?

வீட்டில் மட்டும் இவருடைய வித்தை பலிக்காது. மனைவி வீட்டு முன்னறையில் கணக்கு டியூஷன் எடுக்கிறார். ஒரே மகள் கல்லூரியில் முதல் வருடம். மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பையைக் கொடுக்க அந்த அம்மா ஒரு நாள் வந்திருந்தார். மூன்று நாற்காலிகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வீட்ல இவருக்கு ஒரே நாற்காலிதாங்க. உக்காரு, சாப்பிடு, எழுந்திரு. கடைசித் தோசை யாருக்குன்னு ஒரு தடவை யோசிக்க ஆரம்பிச்சாரு. நான் எடுத்து என் வாயில போட்டுக்கிட்டேன்," என்றார். நாங்கள் இருவரும் சிரித்ததை அவர் அறைக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியின் நிலைமை கவுன்டரில் நிற்கும் எவருக்கும் தெரியும். லிஃப்ட் மேலே மட்டும் போகும், இறங்குவதற்குப் படி. நடைபாதையில் விளக்கு ஒன்று விட்டு ஒன்று எரியும். பளிச்சென்று இருப்பது டயாலிசிஸ் அறை ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்குப் பெரிய ஓட்டையும் அதுதான். நோயாளிகள் முடிந்ததைக் கொடுக்கிறார்கள், மீதியை நன்கொடைக்காரர்கள் கொடுத்துவந்தார்கள். நன்கொடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டுவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் குளிர்பானக் கம்பெனி முதலாளி ஒருவர் பெரிய தொகையோடு வந்தார். டயாலிசிஸ் அறை இருக்கும் இடத்தில் முழு உடல் பரிசோதனை மையம் ஒன்றைத் தன் தாயார் பெயரில் திறக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. நல்ல வருமானம் வரும், ஆஸ்பத்திரி தலைநிமிரும். டயாலிசிஸை வேறு அறைக்கு மாற்ற முடியாது. அதற்கென்று தண்ணீர்க் குழாய் போட்ட அறை அது ஒன்றுதான். ஆகவே மூட வேண்டியதுதான்.

அண்ணன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அந்தாளு விக்கற சர்க்கரைத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத்தான் எங்கள்ல பாதிப் பேரு இங்க வந்து படுத்திருக்கோம். இப்ப அவரே வந்து எழுந்திருன்னா எப்படி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்தால் அண்ணனுடைய பென்ஷன் பாதி மாதம் தாங்கும். மீதிப் பாதி மாதத்துக்கு லீவு போட அது ஒன்றும் பஸ் டிப்போ வேலை இல்லை. அந்த அறையை மூடினால் என் அண்ணன் எத்தனை நாள் இருப்பார் என்று நான் கணக்குப் போடவே இல்லை. போடப் பயம்.

டிரஸ்ட் தலைவர், ஆஸ்பத்திரியைக் கட்டிய டாக்டரின் மகன். முடிவெடுப்பது என்றாலே அவருக்கு ஜுரம் வந்துவிடும். வாசல் கேட்டுக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்ற விஷயத்தையே மாதக் கணக்கில் இழுத்தவர். "நீங்களே எல்லாக் கோணத்துலயும் பாத்து ஒரு வழி சொல்லுங்க. வெள்ளிக்கிழமை மீட்டிங்குல அதையே வெச்சுக்கலாம்," என்று பாரத்தை நியாயம் சார் தலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் அண்ணனோடு வந்த நாட்களில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததை எந்த நாடகத்திலும் பார்க்க முடியாது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, "மூடிடலாம். ஆயிரக்கணக்கான பேருக்கு நோய் வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடலாம்," என்பார். எழுந்து கண்ணாடியைத் துடைத்து மர நாற்காலிக்குப் போவார். "மூடக் கூடாது. வாங்கன்னு சொன்னது நாம. இவங்களை மிதிச்சு மேல ஏறி இன்னொருத்தருக்கு நல்லது பண்ணக் கூடாது," என்பார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் பேச்சே வராது. தொடையைத் தேய்த்துக்கொண்டு இருப்பார்.

வியாழக்கிழமை அந்த நாற்காலி வாயைத் திறந்தது. நல்லவனாக இருந்தால் சம்பந்தப்பட்டவர்களைக் கேட்பான். சரி, கேட்டுவிடலாம். எழுந்து நேரே டயாலிசிஸ் அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

ஆறேழு பேர் கையில் குழாயோடு படுத்திருந்தார்கள். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இவர் நடுவில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"உங்க எல்லார்கிட்டயும் ஒரு அபிப்பிராயம் கேக்கணும். யாரும் பதட்டப்படக் கூடாது," என்றார்.

அதைக் கேட்டதும் எல்லோருக்கும் பதட்டம் வந்தது.

இவர் விஷயத்தைச் சொன்னார். ஒளிவுமறைவு என்பது இவருக்குத் தெரியாது. "இதுல நியாயம் என்னன்னா, இந்த ரூமை மூடினா நிறையப் பேருக்கு நல்லது. மூடாம இருந்தா நீங்க உயிரோட இருப்பீங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?"

அறைப் பொறுப்பில் இருந்த சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஓடற மெஷின்ல இருக்கறவங்ககிட்ட கேக்கற கேள்வியா சார் இது?"

"மெஷின்ல இல்லாத நேரத்துல இவங்க இங்க இருக்க மாட்டாங்களே சிஸ்டர்."

"யாருக்காவது பிரஷர் ஏறுச்சுன்னா நீங்கதான் வந்து பக்கத்துல நிக்கணும், சொல்லிட்டேன்."

ஒருவராவது கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். ஒருவரும் கத்தவில்லை. ஜன்னலோரம் படுத்திருந்த தையல்காரர், "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி சார்," என்றார், வீட்டுக்கு வந்தவரிடம் பேசுவதுபோல. அடுத்த கட்டிலில் இருந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "என் சின்னவன் பத்தாவது படிக்கறான் சார். அவன் பரீட்சை முடியற வரைக்கும் வெச்சிருங்க. அப்புறம் மூடிக்குங்க," என்றார். ஏதோ தண்ணீர் பிடிப்பதற்கு முறை கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

அண்ணன் கடைசியாகப் பேசினார். "சார், நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். கூட்டம் அதிகம்னு எத்தனையோ பேரை ஏத்தாம வந்திருக்கேன், இல்லைங்கலை. ஆனா ஓடற பஸ்ஸுல இருக்கறவனைப் பாத்து இறங்கறியான்னு கேட்டதில்லை. கேக்கறதுன்னா வண்டியையாவது நிறுத்திட்டுக் கேக்கணும் சார்."

நியாயம் சாருக்குக் காது மடல் சிவந்துபோயிற்று. வெளியே வந்து என் பெஞ்சில், அவருடைய எந்த நாற்காலியும் இல்லாத என் பெஞ்சில், உட்கார்ந்தார். "யாருமே சண்டை போடலையே மேடம். போட்டிருந்தா சுலபமா இருந்திருக்கும்," என்றார்.

"நான் போடறேன் சண்டை!" என்று வெடித்துவிட்டேன். வாரம் முழுக்க அடக்கி வைத்திருந்தது. "என் அண்ணன் என்ன சார், உங்க கணக்குல ஒரு நம்பரா?"

"இல்லைங்க," என்றார். "நம்பரா இருந்தா எப்பவோ முடிச்சிருப்பேன்."

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் நடந்ததைக் கேஷியர் அம்மா சொல்லித்தான் தெரியும். அவர்தான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தார். நியாயம் சார் எழுந்து நின்று, ஆஸ்பத்திரியின் எல்லாச் செலவையும் மூன்று நாற்காலியிலும் வைத்துப் பார்த்தாகிவிட்டது, ஒன்றே ஒன்றில்தான் மூன்றும் ஒத்துப்போகின்றன என்றாராம். அது ஃபைனான்ஸ் மேனேஜர் பதவி. அந்தச் சம்பளத்தை நிறுத்தினால் டயாலிசிஸ் ஓட்டை பெரும்பாலும் அடைபடும், தினசரிக் கணக்கைக் கேஷியர் அம்மாவே பார்ப்பார், ஆகவே பலன் சரி. யார் யாரை வெளியே அனுப்பலாம் என்று பார்க்கிறவர் தன்னை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்க்கக் கூடாது, ஆகவே கடமையும் சரி. மூன்றாவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லையாம்.

கேட் பெயின்ட்டுக்கு மாதக் கணக்கில் இழுத்த டிரஸ்ட், இதை டீ ஆறுவதற்குள் ஒருமனதாக நிறைவேற்றிவிட்டது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீங்க போனா கணக்கு நாறிடும் சார், அப்பப்ப வந்து பாத்துக் குடுங்க," என்றாராம். அப்பப்ப என்பது மீட்டிங் முடிவதற்குள் தினமும் என்று ஆகிவிட்டது. இப்போது இவர் கௌரவ ஃபைனான்ஸ் மேனேஜர். இந்த ஆஸ்பத்திரியில் கௌரவம் என்ற சொல்லுக்குச் சம்பளம் கிடையாது என்று பொருள். குளிர்பானக்காரர் வேறு ஆஸ்பத்திரி பார்த்துப் போய்விட்டார்.

கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நிம்மதியாக இருந்தது. இன்னொரு வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கிடைத்த நிம்மதி என்று தெரிந்தும் நிம்மதியாகத்தான் இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த டயாலிசிஸ் நாளன்று நியாயம் சாருடைய மனைவி வந்தார். கையில் சாப்பாட்டுப் பை இல்லை. தலைவர் காலையில் போன் போட்டு, "உங்க வீட்டுக்காரரோட தியாகத்தை நாங்க மறக்க மாட்டோம்மா," என்று சொல்லியிருக்கிறார். "எந்தத் தியாகம்?" என்று இந்த அம்மா கேட்டிருக்கிறார். விஷயம் அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

கணவருடைய அறைக்குள் போகாமல் வாசலிலேயே நின்றார். "டிரைவர்கிட்ட கேட்டீங்க. சிஸ்டர்கிட்ட கேட்டீங்க. படுத்துக் கிடக்கறவங்களைக்கூட விடாம கேட்டீங்களாமே. என்கிட்ட ஏங்க கேக்கலை?"

அவர் சுழல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"விட்டுப்போச்சு," என்றார். அப்புறம், "உன்னையும் என்னையும் நான் ஒரே ஆளாத்தான் எண்ணினேன்," என்றார். பொய் சொல்லத் தெரியாதவர், அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

"ஒரே ஆளா? அப்ப அந்த ஒரே ஆளு வாடகையக் குடுக்கட்டும். அந்த ஒரே ஆளு பொண்ணுக்கு ஃபீஸ் கட்டட்டும். நீங்க நல்லவரா இருக்கறதுக்கு நான்தான் சம்பளம் குடுக்கணும், இல்லையா?"

கவுன்டரில் கேஷியர் அம்மா கையில் எடுத்த ரப்பர் ஸ்டாம்பை ரசீதில் குத்தாமல் பிடித்துக்கொண்டிருந்தார். எந்த மனிதரையும் கேட்காமல் கருவியாக்கக் கூடாது என்று வாரம் முழுக்க மர நாற்காலியில் உட்கார்ந்து பேசியவர். வீட்டில் இருப்பதும் ஒரு மனிதர்தான் என்பது அவருக்கு எந்த நாற்காலியிலும் தோன்றவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன தகுதி என்று உடனே வெட்கமும் வந்தது.

"அந்த ரூம் எங்க இருக்கு?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். "நான் பாக்கணும்."

செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே கூட்டிப் போனேன். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அண்ணன் பக்கத்தில் நின்றார்.

"வாம்மா," என்றார் அண்ணன். "வெளிய பேசினது எல்லாம் இங்க கேட்டுச்சு. தப்பா எடுத்துக்காதே. காதைப் பொத்திக்கலாம்னு பாத்தா ஒரு கை மெஷின்கிட்ட இருக்கு."

அந்த அம்மா குழாயைக் காட்டி, "இது ரத்தமாண்ணா?" என்றார்.

"ஆமாம்மா. வெளிய போய்க் குளிச்சிட்டுத் திரும்ப உள்ள வருது."

"வலிக்குமா?"

"ஊசி குத்தறப்ப வலிக்கும். அப்புறம் ஒண்ணும் தெரியாது. தொட்டுப் பாக்கறியா?"

சிஸ்டர் முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மருந்துத் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் விட்டார். "தேச்சிட்டுத் தொடுங்க. அழுத்தக் கூடாது."

அவர் ஒற்றை விரலைக் குழாயின் மேல் வைத்தார். "சூடா இருக்கு," என்றார்.

வாசல்படிக்கு வெளியே நியாயம் சார் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரலாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"இங்க வாங்க," என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. "கையக் குடுங்க."

சிஸ்டர் அவர் கையிலும் மருந்துத் தண்ணீரை விட்டார். அந்த அம்மா அவருடைய விரலைப் பிடித்துக் குழாயின் மேல் வைத்தார். இந்தக் குழாய் என்ன விலை, எந்தக் கம்பெனி எவ்வளவு தள்ளுபடி தரும் என்பதெல்லாம் இவருக்கு மனப்பாடம். ரத்தம் ஓடும்போது தொட்டதில்லை போலிருக்கிறது. தொட்டதும் தோள் லேசாகத் தூக்கிப் போட்டது. அண்ணனின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் குழாயைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு பேட்ச் டியூஷன் எடுக்கணும்," என்றார் அந்த அம்மா, யாரிடம் என்றில்லாமல். பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நியாயம் சார் போகவில்லை. "போதும் சார், எடுங்க," என்றார் சிஸ்டர். அவர் விரலை எடுக்கவில்லை. சிஸ்டர் இன்னொரு தடவையும் சொன்னார். கண்ணாடிக்குள்ளிருந்து வழிந்ததை இன்னொரு கையால் துடைத்துக்கொண்டாரே தவிர, அப்போதும் விரலை எடுக்கவில்லை.